கடாக்கொம்பு

2020 அக்டோபரில் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் குளம் தூர்வாரியபோது உருண்டை உருண்டையாகப் பெருங்கற்கள் கிளம்பின. டைனோசர் முட்டை என்று வாட்ஸ்அப்பில் பரவிவிட்டது. போய்ப் பார்த்த நிலவியலாளர்கள், முட்டையும் இல்லை ஒன்றுமில்லை, அம்மோனைட்டைச் சுற்றி வண்டல் படிந்து இறுகிய கட்டிகள் என்றார்கள். அதோடு எனக்கும் ஆர்வம் வடிந்துவிட்டது. கல்லூரியில் நிலவியல் நடத்தும் நண்பன்தான் விடவில்லை. "முட்டைன்னா மெனக்கெட்டு வருவ. ஆறரைக் கோடி வருசத்துக்கு முந்தி பூண்டோட அழிஞ்ச ஜீவன்னா வரமாட்டியா?" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை வண்டியில் ஏற்றிவிட்டான்.

அம்மோனைட்டை நத்தை என்றால் அவனுக்குக் கோபம் வரும். சுருண்ட ஓடு மட்டும்தான் நத்தை ஜாடை. உள்ளே இருந்தது கணவாய்க்குச் சொந்தக்காரன். ஓட்டுக்குள் அறை அறையாகத் தடுப்பு. கடைசி அறையில் உயிர், மற்ற அறைகளில் மிதப்பதற்குக் காற்று. இன்று பருத்தியும் மக்காச்சோளமும் விளைகிற இந்தப் பூமி அன்று கடலடி.

காரை என்ற ஊரில் இறங்கினோம். மழைநீர் அறுத்த மண்மேடுகள், வெயிலில் மினுங்கும் ஜிப்சத் துண்டுகள், துப்பாக்கித் தோட்டா மாதிரி பெலம்னைட் என்ற புதைபடிவங்கள். காரை – கொளக்காநத்தம் பகுதி தேசிய நிலவியல் நினைவிடம் என்றான். பாறை அடுக்குகளின் பெயர்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தான். மூன்றாவது பெயரில் நான் கழன்றுகொண்டேன்.

எனக்கு விழிப்பு வந்தது அங்கிருந்து கிழக்கே ஒரு ஊரில், கிணறு வெட்டும் பெரியவர் ஒருவரின் வீட்டு வாசலில். வயது எழுபதை ஒட்டி. பதினாறு வயதில் கூடை சுமக்கப் போனவர், இருபதில் உளி பிடித்திருக்கிறார். இந்தப் பக்கத்து மணற்பாறையில் கிணறு இறக்கினால் எப்போதாவது ஒரு சுருள்கல் குறுக்கே வரும். அவர் அதற்கு வைத்திருக்கும் பெயர் கடாக்கொம்பு. செம்மறிக் கடாவின் கொம்பு அப்படித்தானே சுருண்டிருக்கும். எகிப்தில் ஆமோன் என்று ஒரு சாமி, அதற்குக் கடாக்கொம்பு, அதை வைத்துத்தான் அம்மோனைட் என்ற பெயரே வந்தது என்று நண்பன் சொன்னான். பெரியவர் அசரவில்லை. "அங்கயும் ஆடு மேய்ச்சிருப்பாங்க சார்."

உளியைக் காட்டச் சொன்னேன். சாக்குச் சுருளிலிருந்து ஏழெட்டு எடுத்துப் போட்டார். ஒன்று மட்டும் ஒரு சாண்கூட இல்லை. தலை அடிபட்டு அடிபட்டுக் காளான்போல் விரிந்திருந்தது. லாரிப் பட்டையைக் காய்ச்சி அடித்தது. அடித்துக் கொடுத்த ஆசாரி போய்ச் சேர்ந்துவிட்டார், பட்டறையும் இல்லை. முனை மழுங்கினால் இவரே வீட்டு அடுப்புக்கரியில் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்துக்கொள்கிறார். "ரொம்பத் தோய்ஞ்சா முனை தெறிச்சிரும், கம்மியானா மடங்கிரும். நிறம் பாத்து எடுக்கணும்." என்ன நிறம் என்றேன். "வைக்கோல் நிறம்" என்றார். நண்பன் குறிப்பெடுத்துக்கொண்டான்.

இரண்டடிக்கும் அகலமான ஒரு கொம்பை முப்பத்தெட்டு அடி ஆழத்திலிருந்து அவர் ஏற்றிய கதையை வாங்குவதற்குள் இரண்டு டீ ஆகிவிட்டது. பாறையில் ஒரு வளைவு தெரிந்ததும் வெடி வைப்பதை நிறுத்தச் சொல்லியிருக்கிறார். கிணற்றுச் சொந்தக்காரருக்கு எரிச்சல், ஒருநாள் கூலி வீண் என்று. இவர் கல்லைத் தொடவே இல்லை. சுற்றிலும் ஒரு முழம் விட்டுக் காடி எடுத்தார். கல் ஒரு பீடத்தில் நிற்பதுபோல் ஆனது. அப்புறம்தான் சின்ன உளி. தட்டுவது, காது கொடுப்பது. கணீரென்றால் உள்ளே முழுதாக இருக்கிறது. பொத்தென்றால் விரிசல், அந்தப் பக்கமே போகக் கூடாது. "அடிக்கத் தெரிஞ்சவன் நூறு பேர் இருக்கான் சார். எங்க நிறுத்தணும்னு கைக்குத் தெரியணும்." மூன்றாம் நாள் ஈரச்சாக்கும் வைக்கோல் பிரியும் சுற்றி, கிணற்று மண் ஏற்றும் கிரேனிலேயே தூக்கிவிட்டார்கள். கரையில் நான்கு பேர் பிடித்து இறக்கினார்களாம்.

நண்பனின் வாய் மூடவில்லை. சாக்கைப் பாரிஸ் சாந்தில் தோய்த்துக் கட்டுவதும், பீடம் விட்டு வெட்டுவதும் தொல்லுயிர் ஆய்வாளர்கள் களத்தில் செய்கிற அதே வேலை. இவர் யாரிடம் படித்தார்?

சரி, அந்தக் கல் எங்கே என்றேன். காரில் வந்த தரகர் ஒருவர் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் கொடுத்து எடுத்துப் போனார். நான்கு பேர் பங்கு பிரித்ததில் இவருக்கு முந்நூற்றுச் சொச்சம். இதைக் கேட்டபின் எனக்கு நிதானம் இல்லை. அந்தக் கல் இந்நேரம் குறுக்கே அறுக்கப்பட்டு, கண்ணாடிபோல் தேய்க்கப்பட்டு, ஏதோ ஒரு வரவேற்பறையில் விளக்குக்குக் கீழே இருக்கலாம். விலையில் ஏமாற்றியது ஒரு பக்கம். அம்மோனைட்டுகள் சீக்கிரம் சீக்கிரமாக இனம் மாறியவை. எந்த இனம் எந்த அடுக்கில் என்று தெரிந்தால் பாறையின் வயதையே சொல்லிவிடலாம். எந்தக் கிணறு, எத்தனையாவது அடி என்று தெரியாத அம்மோனைட்டுக்குப் பாதி வாய் அடைத்துப்போகிறது. அந்த முப்பத்தெட்டு அடி பெரியவரின் நினைவில் இருக்கிறது. தரகர் கேட்கவே இல்லை, அவருக்கு எதற்கு? 1840களில் கே, கன்லிஃப் என்ற இரண்டு வெள்ளைக்காரர்கள் தென்னிந்தியாவில் திரட்டியவை லண்டன் போய்ச் சேர்ந்தன. 1860களில் ஸ்டோலிச்கா என்ற தொல்லுயிர் ஆய்வாளர் கல்கத்தாவிலிருந்து இந்தப் பகுதி அம்மோனைட்டுகளைப் படத்தோடு விவரித்துத் தடித்த நூல் போட்டார். கொண்டுபோனார்கள், ஆனால் எழுதி வைத்தார்கள். நம் தரகர்களுக்கு அந்த நாகரிகமும் கிடையாது.

காட்சிக்கு வைப்பவர்கள் மட்டும் என்ன. நான் போன ஒரு கல்வி நிலையத்தின் முகப்பில் அழகான பெரிய அம்மோனைட் ஒன்றைச் சிமென்டில் பாதி புதைத்து வார்னிஷ் அடித்திருந்தார்கள். அறைத் தடுப்புகள் ஓட்டைச் சேரும் கோடுகள் கொத்தமல்லி இலையின் ஓரம்போல் நெளிநெளியாக ஓடும். இனம் பிரிப்பதற்கு முக்கிய அடையாளம். வார்னிஷ் அதை மொழுகிவிட்டது. பெரிய கல்லுக்கு இரும்புத் தாங்கி வேண்டும், இரும்பு கல்லில் படும் இடத்தில் ரப்பர் வேண்டும், எப்போதும் கழற்றி எடுக்க முடிய வேண்டும். பசை வகைகளைப் பற்றியும் நண்பன் சொன்னான், அது எனக்கு ஏறவில்லை. ஜெர்மனியில் செப்பன்ராடே ஊர்க் கல்குவாரியில் 1895இல் கிடைத்த அம்மோனைட்டின் விட்டம் 1.74 மீட்டர், ஓர் ஆள் உயரம். அதை மியூன்ஸ்டர் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். அதன் அச்சுப் பிரதிகள் வேறு ஊர்களுக்கும் போயிருக்கின்றன. நமக்கும் அரியலூரை அடுத்த வாரணவாசியில் ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. பெரியவர் பார்த்ததில்லை. பஸ்ஸில் அந்த வழியே போயிருக்கிறாராம்.

கிணறு வெட்டு இப்போது அரிதாகிவிட்டது. ரிக் வண்டி வந்து ஒரே நாளில் நூற்றுக்கணக்கான அடி துளை போட்டுவிட்டுப் போகிறது. குழாய்க்குள் கடாக்கொம்பு வந்தால் மாவாகத்தான் வரும்.

கிளம்பும்போது கொல்லைப்பக்கம் கை கழுவப் போன நண்பன் அங்கிருந்து கத்தினான். தரையில் ஒரு வட்டக் கல்தொட்டி. உட்புறம் முழுக்க விலா விலாவாகச் சுருள் வரி. அந்தப் பெரிய கொம்பு பாறையில் பதிந்திருந்த அச்சு! கொம்பைக் கொடுத்துவிட்டு, அது கிடந்த குழியை இவர் வைத்துக்கொண்டிருக்கிறார். ஓட்டின் வெளித்தோற்றம் அதில் அப்படியே இருந்தது. இரண்டு பெட்டைக் கோழிகள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தன.

"அய்யா, இதைக் கல்லூரிக்குக் கொடுங்க. உங்க பேரு, கிணறு, ஆழம் எல்லாம் எழுதி வைக்கிறேன்" என்றான் நண்பன்.

பெரியவர் தொட்டியைப் பார்த்தார், கோழிகளைப் பார்த்தார்.

"வெயில் காலம் போகட்டும் சார். ஐப்பசிக்கு மேல வாங்க."