முப்பத்தைந்து

ஜனவரி 20

மதியம் பாத்திரம் கழுவி முடித்ததும் அமைப்பாளர் அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். மே மாதத்தோடு அவருக்கு ஓய்வு. "எனக்கப்புறம் இந்த ஸ்டோர் ரூம் சாவிய நீதான் வாங்கணும். பத்தாவத மட்டும் முடிச்சுடு" என்றார். சத்துணவு அமைப்பாளர் வேலைக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும். சமையலராகவே இருந்துவிடலாம் என்று நான் எப்போதோ முடிவு செய்திருந்தேன். அந்த முடிவு ஒரு மதியத்தில் ஆடிப்போய்விட்டது.

வீட்டுக்கு வந்து இரும்புப் பெட்டியைத் திறந்து பழைய மதிப்பெண் பட்டியலை எடுத்தேன். தமிழில் 81. கணக்கில் 19. மற்றதெல்லாம் தேர்ச்சி. அந்த 19ஐப் பார்த்ததும் வயிறு இறுகியது. இத்தனை வருஷத்துக்குப் பிறகும்.

ஜனவரி 23

சேவை மையத்துக்குப் போய் வந்தேன். சாதாரண விண்ணப்பத்துக்கு நாள் முடிந்துவிட்டது, தட்கலில் கட்டச் சொன்னார்கள். தனித்தேர்வர். புதுப் பாடத்திட்டத்தில்தான் எழுத வேண்டுமாம். எதிர்வீட்டுப் பையன் இந்த வருஷம் பத்தாவது. அவனுடைய புத்தகத்தை வாங்கிப் புரட்டினேன். 2019இல் வந்த புத்தகம். உறவுகளும் சார்புகளும், எண்களும் தொடர்வரிசைகளும், இயற்கணிதம், வடிவியல், ஆயத்தொலை வடிவியல், முக்கோணவியல், அளவியல், புள்ளியியலும் நிகழ்தகவும். தலைப்புகளை வாய்விட்டு வாசித்தால் நல்ல தமிழாக இருக்கிறது. உள்ளே போனால் எனக்கு ஒன்றும் இல்லை.

தமிழில் பாதி தெரிந்தால் பாதி எழுதலாம். தெரிந்ததை நீட்டிச் சொல்லலாம். கணக்கில் மூன்றாவது வரியில் வழி மூடிவிட்டால் அங்கேயே நிற்க வேண்டியதுதான். அப்படி நிற்பதைத்தான் நான் வெறுக்கிறேன்.

ஜனவரி 27

பள்ளியில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. எல்லோரும் ஒன்றையே சொல்கிறார்கள்: "தினமும் கணக்குப் போட்டுத்தானே சமைக்கிறே, உனக்கென்ன?"

ஒரு பிள்ளைக்கு 100 கிராம் அரிசி. வருகை 64 என்றால் 6 கிலோ 400. ஆளுக்கு ஒரு முட்டை. இது எனக்குத் தூக்கத்திலும் வரும். ஆனால் இது வேறு, அது வேறு. அரிசி என் கண் முன்னால் இருக்கிறது. அளவு தப்பினால் உலை சொல்லிவிடும், கடைசி வரிசைப் பிள்ளையின் தட்டு சொல்லிவிடும். இயற்கணிதத்தில் எக்ஸ் என்று ஒன்றை வைத்துக்கொண்டு பக்கம் முழுக்கத் துரத்தி, முடிவில் மைனஸ் 3 என்று வருகிறது. அதை நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன்?

என்னைத் தைரியப்படுத்தத்தான் சொல்கிறார்கள், தெரிகிறது. ஆனாலும் ஒருத்திக்கு ஒன்று கஷ்டமாக இருக்கிறது என்றால் முதலில் அது கஷ்டம்தான் என்று ஒத்துக்கொள்ள வேண்டும். "அது ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டால், அந்த ஒன்றுமில்லாததும் முடியாதவளாகிவிடுகிறேன் நான்.

ஜனவரி 28

புத்தகத்தைத் திறக்கவில்லை.

பிப்ரவரி 2

என் வீட்டுக்காரர் திருப்பூரிலிருந்து போனில் ஒரு வீடியோ அனுப்பியிருந்தார். ஒருவர் மேடையில் நின்று பேசுகிறார். உன்னால் முடியும், இன்றே எழு, விரும்பிச் செய். கேட்கும்போது உடம்பு சிலிர்த்தது, பொய் சொல்ல மாட்டேன். இரண்டு முறை கேட்டேன். பிறகு புத்தகத்தைத் திறந்தேன். அந்தக் குரல் காரணிப்படுத்தல் வரைக்கும் என்னோடு வரவில்லை. விரும்பு என்று ஒருவர் சொல்லி இன்னொருவருக்கு விருப்பம் வந்துவிடுமா? என் பிள்ளைகளுக்குக் கீரை வைக்கும்போது நானே அதைத்தான் சொல்கிறேன். அவர்களுக்கும் வருவதில்லை. என் முகத்துக்காகச் சாப்பிடுகிறார்கள்.

பிப்ரவரி 5

எங்கள் தொடக்கப்பள்ளிக்கும் பக்கத்து உயர்நிலைப்பள்ளிக்கும் ஒரே சுற்றுச்சுவர். அங்கே கணக்கு வாத்தியார் காலை எட்டரைக்கே வந்து சிறப்பு வகுப்பு எடுக்கிறார். பையன்தான் என்னை இழுத்துக்கொண்டு போனான். வாத்தியார் என்னை உட்காரச் சொன்னார். பழைய மார்க் என்ன என்று கேட்கவில்லை. கரும்பலகையில் வினாத்தாளைப் பிரித்து எழுதினார். முதல் பகுதி, ஒரு மார்க், 14 கேள்வி. இரண்டாம் பகுதியில் 14 கேள்விக்கு 10 எழுத வேண்டும், தலா 2. மூன்றாம் பகுதியிலும் 14க்கு 10, தலா 5. கடைசியில் ஜாமெட்ரி 8, கிராஃப் 8.

"நீங்க நூறைப் பாக்காதீங்கம்மா. ஜாமெட்ரியும் கிராஃபும் சேந்து 16. ஒரு மார்க்ல 10 எடுங்க. ரெண்டு மார்க்ல அஞ்சு கேள்வி சரியா போட்டா அது 10. ஆச்சு, 36. பாஸுக்கு 35தான்."

மூன்றாவது வரியில் நின்றுவிட்டால் என்ன செய்வது என்று கேட்டேன். "மூணு வரிக்கும் மார்க் உண்டு. ஸ்டெப் மார்க். நின்ன எடத்துல விட்டுட்டு அடுத்ததுக்குப் போங்க" என்றார். இதை எனக்கு அந்தக் காலத்தில் யாரும் சொல்லவில்லை.

"பிடிச்சாத்தானே சார் படிக்க முடியும்?"

"பிடிக்க வேணாம். தினம் ஒரு கிராஃப், ஒரு ஜாமெட்ரி. போட்டு முடிச்சதும் நோட்டை மூடிடுங்க. பிடிச்சுதா பிடிக்கலையான்னு உங்களையே கேட்டுக்காதீங்க."

அவர் சொன்னதில் எனக்கு ஒரு பெரிய விடுதலை இருந்தது. வெறுப்பையும் வைத்துக்கொண்டு வேலையைச் செய்யலாம் என்று முதல் முறையாக ஒருவர் அனுமதி கொடுத்தார்.

பிப்ரவரி 8

இரவு ஒன்பதுக்கு மேல் உட்காருகிறேன். மாமியாருக்குக் கணக்கும் தெரியாது, எழுத்தும் தெரியாது. புளியைக் கொட்டிக்கொண்டு கொட்டை எடுக்க உட்கார்ந்துவிடுகிறார். படுங்கள் என்றால் கேட்பதில்லை. "நீ போடு. நான் இங்கதான இருக்கேன்." காம்பஸ் வழுக்கிவிட்டால் நிமிர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பக் குனிந்துகொள்கிறார். ஒரு வார்த்தை பேசுவதில்லை.

தொடுகோடு வரைந்தேன். சுமாராக வந்தது.

பிப்ரவரி 15

பையனுக்குத் தமிழ் ஆகாது. எனக்குக் கணக்கு எப்படியோ அப்படி. அவன் அம்மா கேட்டுக்கொண்டதால் சனிக்கிழமை சாயங்காலம் இரண்டு பேரும் எங்கள் திண்ணையில் உட்கார்ந்தோம். 'அன்னை மொழியே' மனப்பாடத்தை அவன் எப்படியோ ஓட்டிவிடுகிறான். அலகிடுதல்தான் பயம். நேர் எது, நிரை எது என்று கேட்டால் கண் கலங்கிவிடுகிறது. பதினைந்து வயசுப் பிள்ளை இப்படி ஒரு பாடத்துக்கு முன்னால் கலங்கி உட்கார்ந்திருப்பதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

குறளை மூடி வைக்கச் சொன்னேன். "நான் சமைக்கிறதச் சொல்றேன், நீ பிரி" என்றேன். சாம்பார். சாம், பார். நேர் நேர், தேமா. அரிசி. அரி, சி. நிரை நேர், புளிமா. உளுந்தும் புளிமா, பருப்பும் புளிமா. கொத்தமல்லி என்றதும் கொஞ்சம் யோசித்தான். கொத், தமல், லி. நேர் நிரை நேர். "கூவிளங்காய்!" என்று கத்தினான். பெருங்காயம் சொன்னேன். பெருங், கா, யம். புளிமாங்காய். பிறகு அவனே தெருவில் போவதையெல்லாம் பிரிக்க ஆரம்பித்துவிட்டான். அவனுடைய கணக்கு வாத்தியார் கூவிளம்.

எனக்கு இதைச் சொல்லிக்கொடுக்க எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது. எழுத்தைப் பார், ஒற்றைத் தள்ளு, குறிலா நெடிலா என்று பார், விதியைப் போடு, முடிந்தது. தப்புக்கு இடமே இல்லை.

"இது கணக்கு மாதிரியே இருக்கு அத்தை" என்றான் பையன்.

இருட்டிவிட்டது. விளக்கேற்ற எழுந்தேன்.

பிப்ரவரி 16

ஒரு மார்க் மட்டும். எட்டு சரி.

பிப்ரவரி 23

கிராஃப் நோட்டும் நல்ல காம்பஸும் வாங்கக் கும்பகோணம் போனேன். பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. சாரங்கபாணி சன்னதித் தெருவில் ராமானுஜன் வீட்டுக்குள் போய்ப் பார்த்தேன். சின்ன ஓட்டு வீடு. தெருப் பக்கத்து அறையில் ஜன்னலோரம் ஒரு கட்டில்.

அவர் கணக்கில் பெரியவர் என்று எல்லோருக்கும் தெரியும். நான் வெளியே வந்து படியில் நின்று நினைத்தது வேறு. 1904இல் இதே ஊர் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்தவர். கணக்கைத் தவிர வேறு எதையும் தொட மனசில்லாமல் உதவித்தொகையை இழந்தார். பிறகு சென்னையில் பச்சையப்பன் கல்லூரி. அங்கும் எஃப்.ஏ. தேர்வில் தேறவில்லை. உடலியல் பாடம் அவருக்கு ஆகவே ஆகாது. கல்லூரிகளைக் குறை சொல்லத்தான் இந்தக் கதையை எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அந்த உடலியல் புத்தகத்தை விரித்து வைத்த பையன்தான் கண்ணில் நின்றான். அவ்வளவு பெரிய மூளையாலும் பிடிக்காத ஒரு பாடத்தோடு உட்கார முடியவில்லை. அது சோம்பேறித்தனம் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அது ஒரு நிஜமான வலி. தோற்றவர்களுக்குத்தான் தெரியும்.

மார்ச் 3

நாத்தனாருக்கு ஆண் குழந்தை. மாமியார் ஒரத்தநாடு போயிருக்கிறார்.

மார்ச் 6

வெயில் இப்போதே தாங்கவில்லை. அடுப்படியில் நின்று வந்தால் உடம்பு விறகாகிவிடுகிறது. படிக்கவில்லை.

மார்ச் 10

எட்டு மணிக்கே தூக்கம் வந்துவிடுகிறது. வெயிலால்தான். மாத்திரை போட்டுப் பார்த்தேன்.

மார்ச் 13

எதற்கு இதெல்லாம்? சாவி யாருக்குக் கிடைக்கும் என்று அக்காவுக்கே உறுதியில்லை. தேறினாலும் ஆணை வர வேண்டும், காலியிடம் பார்க்க வேண்டும், சீனியாரிட்டி பார்க்க வேண்டும். ஒரு முக்கோணத்தின் உச்சிக்கோணமும் நடுக்கோடும் தெரிந்தவள்தான் பருப்பு மூட்டைக்குக் கணக்கு எழுத வேண்டும் என்று யார் வைத்தார்கள்? இருபது வருஷமாக இந்த ஒரு பாடம் என் வாழ்க்கையில் குறுக்கே படுத்திருக்கிறது. இன்று அந்தப் புத்தகத்தைப் பரணில் தூக்கிப் போட்டேன்.

மார்ச் 16

மாமியார் வந்துவிட்டார். குழந்தைக்கு மூக்கு அப்பாவைப் போலவாம். ராத்திரி மிச்சப் புளியைக் கொண்டுவந்து கொட்டிக்கொண்டு, "எங்க உன் புஸ்தகம்?" என்று கேட்டார். ஸ்டூல் போட்டு ஏறி எடுத்தேன். இரண்டு கிராஃப் முடித்தேன். வெயில் கொஞ்சம் குறைந்திருக்கிறது.

மார்ச் 19

இன்று நடந்ததை எழுதி வைக்க வேண்டும்.

எக்ஸ் ஸ்கொயர் ப்ளஸ் எக்ஸ் ப்ளஸ் 7. மூலங்களின் தன்மையை வரைபடத்தில் காண்க. அட்டவணை போட்டேன். மைனஸ் 3க்கு 13. மைனஸ் 2க்கு 9. மைனஸ் 1க்கு 7. பூஜ்யத்துக்கும் 7. ஒன்றுக்கு 9. இரண்டுக்கு 13. எண்கள் இறங்கி வந்து அதே படியில் திரும்ப ஏறின. புள்ளிகளைச் சேர்த்தேன். வளைவு எக்ஸ் அச்சுக்கு மேலேயே நின்றுவிட்டது. கீழே வந்து தொட வேண்டும் அல்லவா? முந்தின நாள் போட்ட எக்ஸ் ஸ்கொயர் மைனஸ் 4 எக்ஸ் ப்ளஸ் 4 அழகாக 2இல் வந்து தொட்டது. எங்கோ பிசகு என்று முழு அட்டவணையையும் அழித்துத் திரும்பப் போட்டேன். அதே எண்கள்.

பையனைக் கூப்பிட்டேன். "அது தொடாது அத்தை. மெய் மூலங்கள் இல்லைன்னு எழுதணும்."

"விடை இல்லைன்னு எழுதினா மார்க் போடுவாங்களா?"

"அதுதான் விடை. எட்டும் வரும். அளவுத்திட்டம் மட்டும் எழுத மறந்துடாதீங்க."

"இல்லாத ஒண்ணுக்கு எதுக்கு இவ்வளவு போடணும்?"

"இல்லைங்கிறத போட்டுப் பாத்துத்தானே சொல்ல முடியும்?" என்று சொல்லிவிட்டு அவன் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

மாமியார் படுத்த பிறகும் நோட்டை மூடவில்லை. மைனஸ் ஒன்றுக்கும் பூஜ்யத்துக்கும் நடுவில் அந்த வளைவு எவ்வளவு தூரம் இறங்குகிறது? மைனஸ் அரைக்குப் போட்டுப் பார்த்தேன். கால், கழித்தல் அரை, கூட்டல் ஏழு. ஆறே முக்கால். கேள்வியில் அதைக் கேட்கவில்லை.

மார்ச் 28

பையனுக்குத் தமிழ்த் தேர்வு. தெருமுனையிலிருந்தே கையை ஆட்டிக்கொண்டு வந்தான். அலகிடுதலை முதலில் எழுதிவிட்டானாம்.

ஏப்ரல் 6

நாளைக்கு. ஹால் டிக்கெட், இரண்டு பேனா, பென்சில், காம்பஸ். மையம் பஸ்ஸில் போகும் தூரம். லீவு சொல்லியாயிற்று, சமையல் உதவியாளர் ஒருத்தியே நாளைக்குச் சமாளிப்பாள். வெறுப்பு போய்விட்டதா என்று பார்த்தேன். போகவில்லை. சார்புகளைப் பார்த்தால் இன்னும் எரிச்சல்தான்.

ஏப்ரல் 7

எழுதினேன். என்னைச் சுற்றிப் பெரும்பாலும் சின்னப் பிள்ளைகள். என்னைப் போல இரண்டு மூன்று பேர். வினாத்தாளைப் படிக்கக் கொடுத்த பத்து நிமிஷத்தில் கை நடுங்கியது. முதலில் கிராஃபைப் போட்டேன், நடுக்கம் நின்றது. பிறகு ஜாமெட்ரி. ஒரு மார்க்கில் மூன்று சந்தேகம். இரண்டு மார்க்கில் ஐந்து எழுதப் போனவள் ஏழு எழுதினேன். ஐந்து மார்க்கில் ஒன்றில் பாதியில் நின்றேன். விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போனேன்.

மணி அடித்தபோது ஒரு கணக்கு மிச்சம் இருந்தது. அது எனக்குத் தெரிந்த கணக்கு. பேனாவை வைக்கவே மனசில்லை.

ஏப்ரல் 8

முடிவு மே மாதம். அக்கா தினமும் சாவியை ஆணியில் மாட்டும்போது என்னைப் பார்க்கிறார். ஒன்றும் கேட்பதில்லை.

சாயங்காலம் பையனும் நானும் வினாத்தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். கூட்டிப் பார்த்தால் 35 தாண்டுகிறது. ஆனால் இரண்டு மார்க்கில் அந்தக் கட்டாயக் கேள்விக்கு அவனுக்கு 12 வருகிறது, எனக்கு 14. என்னுடைய வரிகளை ஒவ்வொன்றாகக் காட்டினேன். எங்கே தப்பு என்று அவனால் சொல்ல முடியவில்லை, ஆனாலும் 12தான் என்கிறான். அவன் கணக்கில் கெட்டிக்காரன். இருந்தாலும் நான் விடவில்லை. சோறு வடிக்கிற வரைக்கும் வாதம். நாளைக் காலை எட்டரைக்கே போய் வாத்தியாரிடம் காட்டிவிட வேண்டும்.