மூக்கின் தீர்ப்பு

ஐம்புலன்களில் மூக்குக்குத்தான் கர்வம் அதிகம் என்பது என் அனுபவம். கண்ணால் கண்டதைக்கூடச் சந்தேகிக்கிறோம்; காதால் கேட்டதைத் தீர விசாரிக்கிறோம். மூக்கு சொன்னதற்கு மட்டும் அப்பீலே கிடையாது. அந்த மூக்கை நம்பி ஒரு மனிதருக்கு நான் செய்த அநியாயத்தைச் சொல்லிவிட வேண்டும்.

இடுப்பு வலிக்கு நீச்சல் நல்லது என்று டாக்டர் சொன்னார். கூரை போட்ட நீச்சல் குளம் ஒன்றில் சேர்ந்தேன். கோடை விடுமுறை, பிள்ளைகள் கூட்டம் தாங்கவில்லை. கதவைத் திறந்தவுடன் குளோரின் நெடி முகத்தில் அறையும். குளத்தைக் கவனித்துக்கொண்டவர் திருநெல்வேலிச் சீமைக்காரர், எல்லோருக்கும் அண்ணாச்சி. மனுஷர் மருந்தை அள்ளிக் கொட்டுகிறார் என்று என் மூக்கு தீர்ப்புச் சொல்லிவிட்டது. புகார்ப் புத்தகத்தில் நாலு வரி எழுதினேன். பிழைப்பே எழுத்தாயிற்றே, சும்மா போகுமா? நிர்வாகி அண்ணாச்சியைக் கூப்பிட்டுக் கண்டித்து, மருந்தைப் பாதியாகக் குறைக்கச் சொல்லிவிட்டார்.

ஒரு வாரத்தில் நெடி குறைந்திருக்க வேண்டும். இரண்டு மடங்காயிற்று. பிள்ளைகளின் கண்கள் செக்கச் செவேலென்று சிவந்தன. ஒருநாள் சாயங்காலம் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி கரையேறி உட்கார்ந்து, மூச்சை இழுத்து இழுத்து இருமினாள். அவள் தாயார் முதுகைத் தடவிக்கொண்டே, "மருந்தைக் கொட்டிக் குழந்தையைக் கொல்கிறார்கள்" என்றாள். நானும் ஆமாம் என்று தலையாட்டினேன். அண்ணாச்சி என்னைப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை.

எல்லோரும் போன பிறகு, "சார், ஒரு நிமிஷம் வாரீகளா?" என்றார்.

குளத்து நீரைச் சின்னக் கண்ணாடிக் குழாயில் எடுத்து ஒரு மாத்திரையைப் போட்டார். நீர் லேசாக ரோஜா நிறம் கொண்டது. "இது வேலை செய்யக் காத்திருக்க மருந்து. லிட்டருக்கு அரை மில்லிகிராம்தான் இருக்கு. 1 முதல் 3 வரை இருக்கணும்" என்றார். அதே குழாயில் இன்னொரு மாத்திரை. நிறம் திடீரென்று அடர்ந்தது. "இப்ப ஒண்ணரை காட்டுது பாருங்க. நடுவிலே இருக்க அந்த ஒரு மில்லிகிராம் உழைச்சு ஓஞ்ச மருந்து சார். நாத்தம் அதுக்குத்தான்."

பிறகு விளக்கினார். குளிப்பவர்களின் வியர்வையும், நாகரிகம் கருதி நான் பெயர் சொல்லாத இன்னொன்றும் குளோரினோடு கூடினால் குளோரமைன் பிறக்கிறது. கண்ணை எரிப்பதும் நெஞ்சைக் கரகரப்பதும் அதுதான். நல்ல நிலையில் உள்ள குளத்தில் நெடி அநேகமாக இராது. திறந்தவெளிக் குளமென்றால் வெயிலும் காற்றும் அதைக் கொஞ்சம் தீர்த்துவிடும். கூரைக்குக் கீழே அது போக்கிடமின்றி நீர்மட்டத்தின் மேலேயே தங்கும். நீந்துகிறவன் மூச்சு வாங்கும் இடமும் அதுதானே!

"அப்போ என்ன செய்யணும் அண்ணாச்சி?"

"மருந்தைக் கூட்டணும். ஓஞ்சது ஒண்ணுன்னா, புதுசு பத்து போடணும். அரைகுறையாப் போட்டா இன்னும் மோசமாயிடும்."

கணக்குப் போட்டுக் காட்டினார். குளம் 20 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், சராசரி ஆழம் 1.2 மீட்டர்: 2,40,000 லிட்டர். அதற்கு 2.4 கிலோ குளோரின். நூற்றுக்கு 65 பங்கு வீரியமுள்ள தூள் என்றால் நாலு கிலோவுக்குக் கொஞ்சம் குறைய. போட்டுவிட்டுக் கதவுகளைத் திறந்து, காற்றாடிகளை ஓடவிட்டு, அளவு இறங்கும்வரை ஆளை இறக்கக் கூடாது. பழைய நீரில் கொஞ்சம் வெளியேற்றிப் புதுநீரும் விடவேண்டும். பி.எச். 7.5-ஐ ஒட்டி இருக்கவேண்டும். 8-ஐத் தொட்டால் மருந்தில் கால் பங்குதான் சுறுசுறுப்பாக இருக்கும்.

"இதை நிர்வாகியிடம் சொல்லலாமே?"

"சொன்னேன் சார். குளத்தை மூடினா வசூல் போயிடும், காத்தாடி போட்டா கரண்டுச் செலவுன்னாரு. இப்ப நீங்க வேற எழுதிட்டீக. இனி நான் சொல்லி எடுபடுமா? எழுதினவுகதான் மாத்தி எழுதணும்."

அவர் குரலில் கோபம் இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும்.

அதே புத்தகத்தில், என் பழைய நாலு வரிக்குக் கீழே, "மேலே உள்ளது என் அறியாமை" என்று தொடங்கி ஒரு பக்கம் எழுதினேன். கதை எழுதிக்கூட அவ்வளவு வியர்த்ததில்லை. நிர்வாகி படித்துச் சிரித்தார், ஆனாலும் சம்மதித்தார். திங்கட்கிழமை இரவு குளத்தை மூடினார்கள்.

புதன்கிழமை காலை முதல் ஆளாகப் போனேன். கதவைத் திறந்தேன். நெடியே இல்லை! தண்ணீர் அடித்தளத்து ஓடு தெரியப் பளிங்காகக் கிடந்தது.

"என்ன அண்ணாச்சி, மருந்தே போடவில்லையா?" என்று என் மூக்கு கேட்டுவிட்டது.

அவர் வாய்விட்டுச் சிரித்தார். நான் அசடு வழிந்துகொண்டே படியில் காலை வைத்தேன்.

"சார், குளிச்சிட்டீகளா?"

திரும்பிப் பார்த்தேன். கையை நீட்டி மூலையிலிருந்த குழாயைக் காட்டினார். "ஒரு நிமிஷம் நின்னு உடம்பைக் கழுவிட்டு இறங்கினாலே என் பாடு பாதி குறையும்."

இரண்டு மாதமாக வருகிறேன். அந்தக் குழாயடியில் ஒருநாளாவது நான் நின்றதில்லை. தெருவில் வேர்க்க விறுவிறுக்க நடந்து வந்து, அப்படியே தண்ணீரில் விழுந்துவிட்டு, மூக்கைப் பொத்திக்கொண்டு புகாரும் எழுதியிருக்கிறேன்.

படியிலிருந்து காலை எடுத்துக்கொண்டு, ஒன்றும் பேசாமல் குழாயடிக்குப் போனேன்.