புள்ளி நிற்க வேண்டும்

"இந்தப் புள்ளி நிக்காதும்மா" என்றார் அண்ணன்.

விழாவுக்கு முந்தைய மாலை, ராயப்பேட்டைச் சந்தில் அவருடைய ஸ்கிரீன் பிரிண்டிங் கடையில் இருந்தோம். கல்யாணப் பத்திரிகை, ஸ்டிக்கர், கடைப் பை என்று அடித்தே தலை நரைத்தவர். எதிரில் மடிக்கணினியோடு டிசைன் படிக்கும் மாணவி. மறுநாள் கடற்கரைக் குப்பத்தில் கலைவிழா. வருகிறவர்கள் தங்கள் கையாலேயே மஞ்சப்பையில் 'மண்ணும் கடலும்' என்று அச்சடித்து எடுத்துப் போகலாம். அந்த எழுத்தைத்தான் அவள் மெல்லிய கோட்டில் அழகாக வரைந்திருந்தாள்.

"திரையில நல்லாத்தானே இருக்குண்ணா?"

"கம்ப்யூட்டர்ல இருக்கும். வலையில இருக்காது."

சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலைமேல் எமல்ஷன் தடவி இருட்டில் காயவைக்கிறார். டிசைன் கறுப்பாக விழுந்த பாசிட்டிவை அதன்மேல் வைத்து விளக்கடியில் காட்டுகிறார். வெளிச்சம் பட்ட இடம் இறுகிவிடும். கறுப்பு மறைத்த இடம் தண்ணீர் பீய்ச்சினால் கரைந்து, மைக்கு வழிவிடும். பத்திரிகை அட்டைக்கு அங்குலத்துக்கு 300 இழை உள்ள நெருக்கமான வலை போதும். துணி மையைக் குடிக்கும். ஆகவே 110 இழை வலை. அதில் இழைக்கு இழை ஏறக்குறைய கால் மில்லிமீட்டர். அவள் வைத்த அரை மில்லிமீட்டர்ப் புள்ளி இரண்டு இழைக்குள் காணாமல் போகும். 'ண'வின் சுழியோ எதிர்த்திசையில் தொல்லை தரும்: மை பரவி உள்வெளி அடைத்துக்கொள்ளும். ஓலைச்சுவடியில் புள்ளியில்லாமலே எழுதினார்கள், படித்தார்கள். தெருவில் போகிறவர் பையில் 'மணணும' என்றிருந்தால் நின்று யோசிக்க மாட்டார்.

அவள் புள்ளியைப் பெரிதாக்கினாள், சுழியைத் திறந்துவிட்டாள், கோட்டைத் தடிமனாக்கினாள். எழுத்து முன்னைவிட உறுதியாக நின்றது.

அடுத்த பஞ்சாயத்து நிறம். அவளுக்குக் கடல் நீலம் வேண்டும். தண்ணீர் மை ஊடு தெரியும். மஞ்சள்மேல் நீலம் விழுந்தால் பச்சைதான். மையில் வெள்ளை சேர்த்துக் கெட்டியாக்கி, துண்டுத் துணியில் அடித்துக் காட்டினார் அண்ணனின் மனைவி. நிறம் கலக்குவது அந்த அக்காவின் வேலை. அளவுக்கோப்பை எதுவும் இல்லை, கண்தான் அளவு. கையால் செய்த கறுப்புத் தாளில் கோண்டுப் பழங்குடி ஓவியங்களை இதே ஸ்கிரீன் முறையில் அடித்து, சென்னையின் தாரா புக்ஸ் பதிப்பகம் 2006இல் 'தி நைட் லைஃப் ஆஃப் ட்ரீஸ்' நூலைக் கொண்டுவந்தது. அடியில் கறுப்பு இருந்தாலும் மஞ்சள் இருந்தாலும், மேலே வரும் நிறத்தை அதுவும் சேர்ந்தே முடிவு செய்கிறது.

மறுநாள் குப்பத்தில், பறைச் சத்தத்துக்கு நடுவே, அச்சு மேஜையைச் சுற்றிப் பிள்ளைகள் மொய்த்தார்கள். எல்லோரும் மை இழுக்கும் ஸ்குவீஜியை ஓங்கி அழுத்தினார்கள், மை கசிந்தது. "அழுத்தாதடா, சாய்ச்சுப் புடிச்சு ஒரே இழு." துணிக்கும் வலைக்கும் நடுவே மெல்லிய இடைவெளி விட்டிருந்தார் அண்ணன். ஸ்குவீஜி கடந்ததும் வலை தானே மேலெழும்பினால்தான் விளிம்பு சுத்தமாக வரும். கடற்காற்றில் மை வலையிலேயே காய்ந்து அதன் கண்களை அடைக்கப் பார்த்தது. கூட்டம் குறைந்தபோதும் அவர் கை ஓயவில்லை. வலைமேல் மையைப் பரப்பிக்கொண்டே இருந்தார். அடித்த பைகளுக்கு அக்கா இஸ்திரி போட்டார். சூடு காட்டாவிட்டால் துவைக்கும்போது எழுத்து போய்விடும்.

1968 மே மாதம் பாரிஸ் கவின்கலைக் கல்லூரியை ஆக்கிரமித்த மாணவர்களும் இதே முறையில்தான் இரவோடிரவாகச் சுவரொட்டி அடித்தார்கள். ஒரே நிறம், தடித்த எழுத்து, கையொப்பம் கிடையாது. அந்த முரட்டு அழகில் பாதி, வேகமும் வலையும் விதித்தது. வடிவமைப்பு திரையில் முடிந்துவிடுவதாக நினைக்கிறோம். 'மண்ணும்' என்ற சொல்லுக்கு அந்தத் தடிமனைக் கொடுத்தது அண்ணனின் அனுபவம். அதை எந்தக் கல்லூரியும் வடிவமைப்பு என்று கணக்கில் எழுதுவதில்லை.

இதை மாணவியும் உணர்ந்திருக்க வேண்டும். பையின் அடியில் தன் பெயரோடு அண்ணன் பெயரையும் சேர்க்கட்டுமா என்று கேட்டாள்.

"பேரு வேணாம்மா. கடை நம்பரைப் போடு, ஆர்டர் வரும். எழுத்தை மட்டும் பெருசா வை."