ரெண்டாவது லைன்

ஆணி கம்மியா இருக்குற ராத்திரிகள்ல சின்க்ரோநெட் போட்டு நோண்டிட்டு இருக்கேன் மக்களே. பொட்டி தட்டுற பயலுக்கு வேறென்ன பொழுதுபோக்கு!

1978 பிப்ரவரியில சிகாகோவுல வார்ட் கிறிஸ்டென்சனும் ராண்டி சூஸும் ஆரம்பிச்ச புல்லட்டின் போர்டுக்கு ஒரே ஃபோன் லைன். ஒருத்தர் உள்ளே இருந்தா மத்தவங்களுக்கு எங்கேஜ்டு டோன்தான்.

ரெண்டு பேர் ஒரே நேரத்துல வரணும்னா ரெண்டு நோடு வேணும். ஒவ்வொண்ணுக்கும் தனி லைன், தனி மோடம், தனி ஃபோல்டர். டாஸ் ஒரு நேரத்துல ஒரு வேலைதான் பாக்கும்; அதுக்கு டெஸ்க்வியூ மாதிரி ஒண்ணு. ரெண்டு பேர் ஒரே ஃபைல்ல எழுதி குளறுபடி ஆகாம இருக்க ஷேர்.எக்ஸி. இதுக்கு மேல, காம் 1, காம் 3 ரெண்டும் வழக்கமா ஐ.ஆர்.க்யூ 4-ஐ பிடிச்சுக்கும். காம் 2, காம் 4 ரெண்டும் 3-ஐ. மூணாவது மோடம் மாட்டுனா கார்டுல ஜம்பரை மாத்தி காலி நம்பர் தேடணும்.

இப்ப டெல்நெட்ல வர்றதால மோடமும் இல்ல, ஜம்பரும் இல்ல. நோடு மட்டும் அப்படியே இருக்கு. எல்லாம் நிரம்பினா அடுத்தவருக்கு இடமில்ல.

ஆபீஸ்ல இதையே கனெக்ஷன் லிமிட்னு ஒரு நம்பரா எழுதிட்டுப் போயிடறோம். அன்னிக்கு ஒரு நோடு கூட்டுறதுன்னா மாசாமாசம் இன்னொரு ஃபோன் பில், பெரும்பாலும் சொந்தக் காசு. எல்லாம் முகம் தெரியாத ரெண்டு பேர் நேரடியா அரட்டை அடிக்கத்தான்.

சூஸ் 2019லயும் கிறிஸ்டென்சன் 2024லயும் போயிட்டாங்க. என் பொட்டிக்கு வர்றது ஒரே ஒரு நண்பன்தான். ஆனாலும் நாலு நோடு திறந்து வெச்சிருக்கேன். வர்றவங்க வரட்டுமே!