இழ்மார் என்னும் சொல்லுக்குப் பொருள்

நாம் பாடம் சொல்லும் மதரஸாவில் ஆண்டுதோறும் ஸஹீஹுல் புகாரி ஓதும்போது, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மதீனாவில் குதிரைப் பந்தயம் நடத்திய செய்தி வரும். ஆயத்தப்படுத்தப்பெற்ற குதிரைகளுக்கு ஹஃப்யா என்னும் இடத்திலிருந்து ஸனிய்யத்துல் வதா வரை ஐந்தாறு மைல். ஆயத்தப்படுத்தப்பெறாதவற்றுக்கு அங்கிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரை ஏறத்தாழ ஒரு மைலே. செய்தியை அறிவிக்கும் இப்னு உமர் (ரலி) அவர்களும் அன்று குதிரை செலுத்தியவர்களுள் ஒருவர். ஆயத்தப்படுத்துதலுக்கு அங்கே ஆளப்பெறும் சொல் இழ்மார். முதலில் நன்கு தீனியிட்டுக் கொழுக்கவைத்து, பின்னர் தீனியைக் குறைத்துப் போர்வை போர்த்தி வியர்க்கச் செய்து, ஊளைச்சதை வற்றித் தசை இறுகுமாறு பண்ணுதல் என்பர் உரையாசிரியர். அதற்கு 40 நாள் என்பாரும் உளர். இருபத்தைந்து ஆண்டுகளாக நாம் இதனை ஒப்பித்து வந்தோம், மாணவர்களும் எழுதிக்கொண்டார்கள். ஒரு நிமிடத்தில் அடுத்த ஹதீஸுக்குச் சென்றுவிடுவோம். அவ்வாறு விரைந்து செல்ல நமக்கு வேறொரு காரணமும் இருந்தது. அதனைப் பின்னர்ச் சொல்வோம்.

அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் இடைப்பட்ட நமது வறண்ட சீமையில் கண்மாய்க் கரைதோறும் ஐயனார் கோயில் மண்குதிரைகளைக் காணலாம்; உயிருள்ள குதிரையைக் காண்பது அரிது. இராவுத்தர் என்னும் பெயருக்கே குதிரைவீரர் என்பதுதான் பொருள். ஆனால் நமது இளமைப் பருவத்தில், அப்பெயர் தாங்கிய குடும்பங்களுள் நாமறியக் குதிரை வைத்திருந்தவர்கள் ஜட்கா ஓட்டியவர்கள் மட்டுமே. நமது அத்தாவும் அவர்களுள் ஒருவர். ரயிலடிக்கும் கடைவீதிக்கும் இடையே அவர்களுடைய செவலைக் குதிரை நடந்த நடையில்தான் நமது குடும்பம் உண்டு உடுத்தது.

சென்ற டிசம்பரில் நமது தங்கை மகன் தொலைபேசியில் அழைத்தான். ராணுவத்தில் குதிரை லாயப் பணியில் இருப்பவன். "மாமு, நான் பார்த்துக்கிற குதிரை பெங்களூருலே போட்டிக்கு வருது. ஒரு தடவை வந்து பாருங்க" என்றான். மதுரை சென்று இரவு ரயில் ஏறினோம்.

ஈவென்ட்டிங் என்று வழங்கும் இப்போட்டி பழைய குதிரைப்படைச் சோதனையிலிருந்து பிறந்தது. ஒலிம்பிக்கில் முதன்முதல் 1912இல் ஸ்டாக்ஹோமில் இடம்பெற்றது. ஒரே குதிரையும் ஒரே வீரரும் மூன்று சோதனைகளைக் கடக்க வேண்டும். முதலாவது, அடங்கிய நடையை அழகுறக் காட்டுவது. இரண்டாவது, திறந்த வெளியில் மரத்தடிகளையும் பள்ளங்களையும் நீர்நிலைகளையும் குறித்த நேரத்துக்குள் தாண்டி ஓடுவது. மூன்றாவது, தொட்டால் விழும் கம்பங்களை வீழ்த்தாமல் தாண்டுவது. மதிப்பெண் முழுவதும் பிழைகளின் கணக்கே. ஒரு கம்பம் விழுந்தால் 4. வெளியோட்டத்தில் குறித்த நேரம் கடந்த ஒவ்வொரு நொடிக்கும் 0.4. குறைந்த கணக்குடையவரே வெற்றியாளர்.

1982இல் டில்லியில் நடந்த ஆசிய விளையாட்டில் ரகுபீர் சிங், குலாம் முஹம்மது கான், பிரஹலாத் சிங் என மூன்று தனிப் பதக்கங்களையும் நம் நாட்டவரே பெற்றனர். அதன்பின் 2018இல் ஜகார்த்தாவில் பெங்களூர் ஃபவாத் மிர்ஸா வெள்ளி வென்றார். 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் அவரது கணக்கு முதற்கட்டத்தில் 28 ஆக இருந்தது. வெளியோட்டத்தில் தடை எதனையும் பிழைக்காமல் கடந்தும் நேரத்துக்காக 11.20 சேர்ந்தது. அதாவது 28 நொடி! ஒரு நெடுமூச்சு விடும் அவகாசம். இறுதியில் 23ஆம் இடம்.

லாயத்தில் நாம் கண்டது நமது பழைய பாடமேதான். வாரக்கணக்கில் மெல்லோட்டம், பின் மேட்டில் ஏற்றம், பின் சிறிது நேரம் விரைவு, சிறிது நேரம் ஓய்வு என மாறி மாறி. ஒவ்வோர் ஓட்டத்துக்குப் பின்னும் நாடித்துடிப்பு எத்தனை நிமிடத்தில் தணிகிறது என்று எண்ணிக் குறித்துக்கொள்கிறார்கள். உழைப்புக்கேற்பத் தீனி ஏறும், இறங்கும். காலையில் உடற்சூடு பார்க்கிறார்கள். இலாடத்தைப் போட்டி நாளுக்குப் பல நாள் முன்பே மாற்றிவிடுகிறார்கள். புது ஆணி உறுத்துமாயின் அதற்குள் தெரிந்துவிடுமாம். நமது மருமகன் விடியுமுன் எழுந்து நான்கு கால்களையும் முழங்காலிலிருந்து குளம்புவரை உள்ளங்கையால் தடவுகிறான். கண்ணுக்குப் புலப்படாத சூடு கைக்குப் புலப்படும் என்கிறான். அவனது பணிக்கு வடநாட்டார் வழங்கும் பெயர் சயீஸ். அது நமது அரபுச் சொல். குதிரையைப் பேணி நடத்துபவன் என்பது பொருள். அதே வேரிலிருந்துதான் ஆட்சித்திறனைக் குறிக்கும் ஸியாஸத் என்ற சொல்லும் வந்தது. அரசியல்வாதிகள் அறிந்தால் மகிழ்வார்களோ, வருந்துவார்களோ!

அங்கே நின்றபோது பாண்டியர் காலத்துக் காயல் துறை நினைவுக்கு வந்தது. அரபு நாட்டுக் குதிரைகள் அங்கே இறங்கின. கைஸ் தீவின் மலிக்குல் இஸ்லாம் ஜமாலுத்தீன் ஆண்டுக்கு 1,400 குதிரை அனுப்பினார் என்றும், குதிரை ஒன்றுக்கு 220 செம்பொன் தீனார் என்றும் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதுகிறார். இதைச் சொல்லிப் பெருமைப்படாத மேடை நம்மவரிடம் இல்லை. ஆனால் மார்க்கோ போலோ எழுதியிருப்பதை நாம் மேடையில் சொல்வதில்லை. வந்த குதிரைகளுள் பெரும்பாலானவை ஆண்டு முடியுமுன் மடிந்தன. இந்நாட்டாருக்குப் பேணத் தெரியவில்லை. குதிரை வைத்தியம் அறிந்தவர் எவரும் இங்கு வந்துவிடாதபடி வணிகர்களே பார்த்துக்கொண்டனர். மடிந்தால்தானே மறுபடி விற்கலாம்! அவர் கேட்டதைக் கேட்டபடி எழுதியவர் என்று தள்ளிவிடலாம்தான். நம்மால் தள்ள முடியவில்லை.

போட்டி தொடங்குமுன் குதிரைகளை நடுவர்களும் மருத்துவரும் பரிசோதிப்பார்கள். சேணமின்றிக் கையில் பிடித்துக் கெட்டித்தரையில் ஓட்டிக் காட்ட வேண்டும். அன்று விடியுமுன் மருமகனின் கை இடது முன்னங்காலில் நின்றது. மீண்டும் தடவினான். வலது காலைத் தடவி ஒப்பிட்டான். பிறகு நம்மிடம் ஒன்றும் சொல்லாமல், அக்குதிரையில் ஏற வேண்டிய அதிகாரியை எழுப்பச் சென்றான். ஓராண்டு உழைத்தவர் அவர். வந்து தாமும் தொட்டுப் பார்த்தார், நெடுநேரம் பேசவில்லை. குதிரை போட்டியிலிருந்து விலக்கப்பெற்றது.

"நீ சொல்லாதிருந்தால்?" என்று கேட்டோம்.

"பரிசோதனையிலே தெரிஞ்சிருக்காது மாமு. ஓடியும் இருக்கும். அப்புறம் ஒரு வருஷம் நொண்டும், இல்லேன்னா ஆயுசுக்கும் நொண்டும்."

அன்று மாலை, அதுவரை வீட்டில் எவரிடமும் சொல்லாத ஒன்றை அவனிடம் சொன்னோம். நமக்கு அப்போது பன்னிரண்டு வயது. திருச்சுழிக்குச் சவாரி சென்று கோடை வெயிலில் திரும்பிய அத்தா, குதிரையை அரைமணி நேரம் நடத்தி, மூச்சுத் தணிந்தபின் தீனி வைக்கும்படி சொல்லிவிட்டுப் பள்ளிவாசலுக்குச் சென்றார்கள். தெருமுனையில் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். நாம் செவலையை உடனே கட்டிவிட்டு, ஊறிய கொள்ளை வாளி நிறையக் கொட்டிவிட்டு ஓடினோம். இரவெல்லாம் அது வயிற்றுச் சூலையால் உருண்டது. ஃபஜ்ருக்கு முன் மடிந்தது. நடத்தினாயா என்று அத்தா கேட்டார்கள். நடத்தினேன் என்றோம். மறுமுறை கேட்கவில்லை. வண்டியை விற்றுவிட்டுத் தறிக்கூடத்தில் கூலிக்குச் சென்றார்கள். உணவும் படிப்பும் இலவசம் என்பதால் நாம் மதரஸாவுக்கு அனுப்பப்பெற்றோம். இன்று நம்மை ஹஜ்ரத் என்று அழைப்போர் இதனை அறியார்.

மருமகன் குதிரையின் காலில் ஈரத்துணி சுற்றிக்கொண்டே கேட்டான். தண்ணீர் கொடுத்தீர்களா என்றான். இல்லை, சூட்டில் ஆகாது என்று அத்தா சொல்லியிருந்ததாகச் சொன்னோம். தண்ணீர் கொடுக்கலாம், அது பழைய நம்பிக்கை, தானியந்தான் உடனே ஆகாது என்றான். வேறொன்றும் சொல்லவில்லை. பின்னர், அன்றைய பயிற்சி முடிந்து மூச்சிரைக்க நின்ற பக்கத்து லாயக் குதிரையின் கயிற்றை வாங்கி நம் கையில் கொடுத்தான். அரைமணி நேரம் அதனை நடத்தினோம்.

இவ்வாண்டு அந்த ஹதீஸ் வந்தபோது ஒரு வகுப்பில் முடியவில்லை. இழ்மார் என்னும் அவ்வொரு சொல்லுக்கே மூன்று நாள் ஆயிற்று.