கண்ணில் தங்கும் மருந்து

கண்ணில் விடும் சொட்டு மருந்தில் பெரும்பகுதி கண்ணுக்குப் பயன்படாமலே போய்விடுகிறது. ஒரு சொட்டு ஏறக்குறைய 30 முதல் 50 மைக்ரோலிட்டர் இருக்கும். கண்ணின் மேல் எப்போதும் பரவியிருக்கும் கண்ணீரோ 7 மைக்ரோலிட்டர்தான். இமைக்காமல் இருந்தால்கூட இமைகளுக்கிடையே 30 மைக்ரோலிட்டர் அளவுக்குத்தான் இடம் உண்டு. மிச்சம் கன்னத்தில் வழிகிறது; அல்லது மூக்கோரத்துக் கண்ணீர்த் துளை வழியாக மூக்குக்குள் இறங்கித் தொண்டையில் கசக்கிறது. தங்கிய கொஞ்சத்தையும் புதிதாகச் சுரக்கும் கண்ணீர் சில நிமிடங்களில் கழுவிவிடுகிறது. கருவிழியைக் கடந்து உள்ளே சேர்வது பெரும்பாலான மருந்துகளில் 5 சதவீதத்துக்கும் குறைவு. மூக்கில் இறங்கியது ரத்தத்தில் கலப்பதும் சாதாரண விஷயமில்லை. கிளாகோமா என்னும் கண் அழுத்த நோய்க்குத் தரும் டிமலால் சொட்டு அப்படிக் கலக்கும்போது இதயத் துடிப்பைக் குறைக்கும். ஆஸ்துமா உள்ளவருக்கு மூச்சுத் திணறலை உண்டாக்கும். சொட்டு விட்டதும் கண்ணின் உள்மூலையைச் சிறிது நேரம் விரலால் அழுத்திக்கொள்ள மருத்துவர்கள் சொல்வது இதற்காகத்தான்.

மென்மையான காண்டாக்ட் லென்ஸில் மருந்தை ஏற்றும் முயற்சி இந்த வீணடிப்பைக் குறைக்க எழுந்தது. லென்ஸுக்கும் கருவிழிக்கும் நடுவே மிக மெல்லிய கண்ணீர்ப் படலம் ஒன்று சிறைப்பட்டிருக்கிறது. இமைக்கும்போது லென்ஸ் சற்று அசைவதால் அந்தக் கண்ணீரும் மாறத்தான் செய்கிறது, ஆனால் மிக மெதுவாக. திறந்த கண்ணில் சில நிமிடங்களே நிற்கும் மருந்து லென்ஸின் அடியில் அரை மணி நேரத்துக்கு மேல் நிற்கிறது. ஆகவே குறைந்த மருந்தே போதும். மூக்குக்கும் ரத்தத்துக்கும் போவதும் குறையும். சொட்டு மருந்துப் புட்டியில் கிருமி வளராமலிருக்கச் சேர்க்கும் பென்சால்கோனியம் குளோரைடு போன்ற பொருளும் தேவைப்படாது. நாள்பட விட்டால் கருவிழியின் மேல்தோலைப் புண்ணாக்கக்கூடிய பொருள் அது. சாதாரண லென்ஸ்களில் ஊறித் தங்கியும் விடும். சொட்டு விடுமுன் லென்ஸைக் கழற்றச் சொல்வதற்கு அதுவே முக்கியக் காரணம்.

இந்த எண்ணம் மென் லென்ஸ் பிறந்தபோதே கூடப் பிறந்தது. செக் நாட்டு வேதியியலாளர் ஓட்டோ விக்டர்லேயும் அவருடைய உடனாய்வாளர் திரகோஸ்லாவ் லீமும் நீரை உறிஞ்சி மென்மையாகும் பாலிமர் கூழ் ஒன்றை உருவாக்கி, உடலுக்குள் பயன்படத்தக்க பொருளாக 1960-இல் 'நேச்சர்' இதழில் அறிவித்தார்கள். 1961 கிறிஸ்துமஸ் சமயத்தில் விக்டர்லே தன் வீட்டிலேயே, பிள்ளைகள் விளையாடும் மெர்க்கூர் இணைப்புத் துண்டுகளையும் சைக்கிள் டைனமோவையும் கொண்டு சுழலும் கருவி ஒன்றைப் பூட்டி, சுழலும் அச்சில் திரவத்தை ஊற்றி லென்ஸ் வார்த்தெடுத்தார். 1965-இல் அமெரிக்காவில் அவர்கள் பெற்ற காப்புரிமையிலேயே, கூழின் நீரில் ஆன்டிபயாடிக் முதலான மருந்துகளைக் கரைத்து வைக்கலாம் என்ற குறிப்பு இருக்கிறது. பார்வைக்கான லென்ஸாக அமெரிக்க அரசின் அனுமதி கிடைத்தது 1971-இல். அதாவது, மருந்து லென்ஸ் என்ற யோசனை கடைக்கு வந்த மென் லென்ஸைவிட மூத்தது. அது கடைக்கு வர அரை நூற்றாண்டுக்கும் மேல் ஆனதற்கான காரணம்தான் இத்துறையின் வரலாறு.

முதலில் கையாண்ட வழி மிக எளியது: லென்ஸை மருந்துக் கரைசலில் ஊறவைத்துக் கண்ணில் வைப்பது. 1970-களில் பைலோகார்பின் மருந்தில் ஊறிய லென்ஸ்களைக் கிளாகோமா நோயாளிகளுக்கு வைத்துப் பார்த்தார்கள். கண் அழுத்தம் நன்றாகவே குறைந்தது. ஆனால் எளிதில் உள்ளே போன மருந்து அதே எளிமையோடு வெளியேயும் வந்தது. லென்ஸின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு போல. மருந்தின் மூலக்கூறுகளோ மிகச் சிறியவை. கண்ணில் வைத்த ஓரிரு மணி நேரத்துக்குள் பெரும்பகுதி கொட்டித் தீர்ந்துவிடும். முதலில் தேவைக்கு மிஞ்சிய அளவு, பிறகு ஒன்றுமே இல்லை. மருந்தை உள்ளே வைப்பதில் சிரமமே இல்லை, அதை அங்கே பிடித்து நிறுத்துவதில்தான் எல்லாச் சிரமமும்.

அதற்குக் கண்ட வழிகளில் மூன்றைக் குறிப்பிட வேண்டும். லென்ஸின் பாலிமரை உருவாக்கும்போதே மருந்தையும் கலந்து, பின்னர் அதைக் கழுவியெடுத்துவிடுவது ஒன்று. மருந்து இருந்த இடத்தில் அதன் வடிவுக்கும் வேதித் தன்மைக்கும் ஏற்ற குழிகள் எஞ்சுகின்றன; மறுபடி ஏற்றும் மருந்தை அவை இறுகப் பிடித்துக்கொள்கின்றன. ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தில் அனுஜ் சௌகானின் குழு பின்பற்றியது இரண்டாவது வழி. சிலிக்கோன் கலந்த நீர்க்கூழ் (ஹைட்ரோஜெல்) லென்ஸுக்குள் வைட்டமின் ஈ-யை ஏற்றினார்கள். ஓடையில் கிடக்கும் பாறைகளைச் சுற்றி நீர் வளைந்து போவதுபோல, மருந்து அந்த வைட்டமின் திட்டுகளைச் சுற்றிக்கொண்டு வெளிவர வேண்டியிருப்பதால் ஒரு மணி நேரத்து வேலை பல மணி நேரமாக நீள்கிறது. பீகிள் நாய்களில் செய்த சோதனையில், சொட்டு மருந்தைவிடக் குறைந்த அளவு டிமலால் ஏற்றிய இத்தகைய லென்ஸே சொட்டுக்கு இணையாகக் கண் அழுத்தத்தைக் குறைத்தது.

மூன்றாவது வழி பாஸ்டன் ஆய்வாளர்களுடையது. மூன்றிலும் துணிவு மிக்கது இதுவே. மருந்தை மெதுவாகக் கரையும் பாலிமர் படலம் ஒன்றில் கலந்து, அந்தப் படலத்தை வளையமாக லென்ஸின் ஓரத்துக்குள் பொதித்தார்கள்; நடுப்பகுதி பார்வைக்காகத் தெளிவாகவே இருக்கும். லாட்டனோபுரோஸ்ட் என்னும் கிளாகோமா மருந்து ஏற்றிய இந்த லென்ஸ் முயல்களில் ஒரு மாதம் வரை மருந்தைக் கசியவிட்டது என்று 2014-இல் வெளியிட்டார்கள். 2016-இல் வெளியான குரங்கு ஆய்வில், குறைந்த மருந்தேற்றிய லென்ஸ் அன்றாடச் சொட்டுக்கு இணையாகவும், அதிக மருந்தேற்றியது அதைவிட மேலாகவும் அழுத்தத்தைக் குறைத்தது.

இவ்வளவு நுட்பங்களுக்குப் பிறகும் கடைத்தெருவை முதலில் எட்டியது ஒரு மாத லென்ஸல்ல, ஒரு நாள் லென்ஸ். ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனத்தின், கீடோடிஃபென் மருந்து சேர்த்த அக்யூவ்யூ லென்ஸுக்கு 2021-இல் ஜப்பானும் 2022 மார்ச்சில் அமெரிக்காவும் அனுமதி தந்தன. ஒரு லென்ஸில் இருப்பது 19 மைக்ரோகிராம் மருந்து. ஒவ்வாமையால் வரும் கண் அரிப்பை அது 12 மணி நேரம் வரை தடுக்கிறது. இங்கே நோயைத் தேர்ந்தெடுத்த விதத்திலேயே பாதி வெற்றி இருக்கிறது. அரிப்பால் லென்ஸ் அணிவதைக் கைவிடுவோர் பலர். அவர்களுக்கு லென்ஸ் பழக்கப்பட்ட பொருள், புதிதாகக் கற்க ஒன்றுமில்லை. தினமும் காலையில் புதியது, இரவில் குப்பைக்கு. சில மணி நேரத்தில் மருந்து வெளிவந்துவிடுவது இங்கே குறையாகவே தெரியாது. மருந்தும் மிகச் சிறிய அளவிலேயே வேலை செய்வது.

கிளாகோமாவில் நிலைமை நேர்மாறானது. அந்நோய் பெரும்பாலும் முதியவர்களுக்கு வருகிறது. நடுங்கும் கையும் மங்கிய பார்வையும் உள்ளவர் சொட்டையே குறி தவறாமல் விடச் சிரமப்படுகிறார். லென்ஸைப் பொருத்தி எடுப்பது அதைவிடக் கடினம். மாதக்கணக்கில் கழற்றாமல் அணியச் செய்யலாம் என்றால் வேறொரு ஆபத்து வருகிறது. பகலில் மட்டும் மென் லென்ஸ் அணிவோரில் ஆண்டுக்கு 10,000 பேரில் சுமார் 2 முதல் 4 பேருக்குக் கருவிழியில் கிருமித் தொற்று வருகிறது. தூக்கத்திலும் அணிவோரில் அது 20 பேர் அளவுக்கு உயர்கிறது. மூடிய இமைக்குள், லென்ஸின் அடியில், கருவிழிக்குக் கிடைக்கும் ஆக்சிஜனும் குறைவு. பார்வையைக் காக்க வைத்த பொருளே பார்வைக்கு ஆபத்தாகக் கூடாது என்பதால், மருத்துவர்களின் தயக்கம் நியாயமானது.

தயாரிப்பிலும் தடைகள் உண்டு. லென்ஸ் உப்புநீரில் மிதந்தபடி விற்பனைக்கு வருகிறது. கடை அலமாரியில் இருக்கும் மாதங்களில் மருந்து அந்த நீருக்குள் கசியும். பொதியை 121 டிகிரி செல்சியஸ் நீராவியில் கிருமி நீக்கும்போது பல மருந்துகள் சிதைந்துவிடும். லென்ஸாகவும் மருந்தாகவும் இரு விதத்திலும் அது சோதனைகளைக் கடக்க வேண்டும்.

தமிழ்நாட்டைப் பொறுத்தவரை, மருந்து கண்ணில் நிற்காத துன்பம் மிகக் கூர்மையாகத் தெரிவது பூஞ்சைத் தொற்றால் வரும் கருவிழிப் புண்ணில். 1990-களில் மதுரை மாவட்டத்தில் செய்த ஆய்வு, ஆண்டுக்கு லட்சம் பேரில் 113 பேருக்குக் கருவிழிப் புண் வருவதாகக் கணக்கிட்டது. வயல் வேலையில் நெல் தாளோ இலையோ கண்ணில் கீறினால் போதும். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை பங்கேற்று 2013-இல் வெளியான ஆய்வு, புதிய வோரிகோனசோலைவிடப் பழைய நேட்டமைசின் சொட்டே, அதிலும் ஃபியூசேரியம் பூஞ்சைக்கு, நல்ல பலன் தருவதாகக் காட்டியது. ஆனால் நேட்டமைசின் கருவிழிக்குள் எளிதில் ஊடுருவாது. தொடக்கத்தில் மணிக்கொரு முறை விட வேண்டும். நேட்டமைசின் ஏற்றிய லென்ஸ்களை ஆய்வகங்களில் சோதித்திருக்கிறார்கள். என்றாலும் தொற்றுள்ள கருவிழியை லென்ஸால் மூடினால் ஆக்சிஜன் குறையும். புண்ணின் போக்கைப் பார்க்க அதை அடிக்கடி கழற்றவும் வேண்டியிருக்கும். அதனால் அந்தப் புண்ணுக்கு இன்றும் மணிக்கொரு சொட்டுத்தான் சிகிச்சை.