பந்தலுக்குள் காற்று

மார்கழியில் எங்கள் ஊரான வடக்குப்பட்டுக் கொல்லைகளில் அவரை பூக்கிறபோதே இலைகளில் வெள்ளை மாவும் படியத் தொடங்கும். எங்கள் ஆயா உடனே மருந்து தேட மாட்டார்கள். கட்டைவிரலால் இலையைத் தேய்ப்பார்கள். அசுவினிக்காகத் தூவிய அடுப்புச் சாம்பல் என்றால் துடைத்ததும் பச்சை தெரியும். சாம்பல் நோய் என்றால் மாவுக்கு அடியில் இலை மஞ்சளாக வெளிறியிருக்கும்.

கருப்பாகப் படிந்தால் கதையே வேறு. அது அசுவினி வடிக்கும் இனிப்புப் பிசினில் வளரும் பூசணம், இலைக்குள் வேர்விடாது. தண்டில் எறும்பு ஏறுகிறதா என்று பார்த்தாலே விளங்கிவிடும். அங்கே விரட்ட வேண்டியது அசுவினியை. இலையடியில் செம்பழுப்புக் கொப்புளங்கள் இருந்து, தேய்த்த விரலும் சிவந்தால் அது துரு நோய்.

நோய் இப்படிப் பிடிக்க இடநெருக்கடியும் ஒரு காரணம். முன்பு கொல்லை விசாலமாக இருந்தது. ஒரகடம் பக்கம் கார், லாரி ஆலைகள் வந்தன. வெளியூர்ப் பிள்ளைகள் ஷிப்டுக்கு வந்தார்கள். கொல்லைகளில் வாடகை அறைகள் வரிசையாக எழுந்தன. நல்ல வருமானம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் பந்தல் இரண்டு சுவர்களுக்கு நடுவே போய்விட்டது. 2022-ல் தொல்லியல் துறை இதே ஊரில் தோண்டிக் கற்கருவிகளை எடுத்தபோது, இவ்வளவு காலம் மனிதர் புழங்கிய மண்ணில் ஒரு கொடிக்கு இடமில்லாமல் போகிறதே என்று மனசு கனத்தது.

துருவுக்கு இலை நெடுநேரம் ஈரமாக இருக்க வேண்டும். சாம்பல் நோய்க்கு அதுகூட வேண்டாம். நிழலும் காற்றில் ஏறிய ஈரமும் போதும். அதனால்தான் சுவரோரப் பந்தலை அது முதலில் பிடிக்கிறது. தரையோர இலைகளைக் கிள்ளி, நெருங்கிய கொடிகளைக் கழித்து, காற்று நுழைய வழி விட்டாலே பாதி நோய் அடங்கும். தண்ணீரைக் காலையில் வேரில் ஊற்ற வேண்டும். கழித்த இலைகளைச் செடியடியில் போடவே கூடாது.

மீறிப் பரவினால் நனையும் கந்தகத் தூள், லிட்டருக்கு 2 கிராம். வெயில் தாழ்ந்த பிறகு, இலையின் இரு பக்கமும் நனையத் தெளிக்கலாம். உச்சி வெயிலில் அடித்தால் இலை கருகும். வேப்பெண்ணெய் தெளித்திருந்தால் இரண்டு வாரமாவது கழித்துத்தான் கந்தகம்.

இலையில் ஒன்றுமே இல்லாமல் கொடி திடீரென்று தொங்கினால், அடித்தண்டைக் கீறிப் பார்க்க வேண்டும். உள்ளே பழுப்புக் கோடு ஓடினால் அநேகமாக வாடல் நோய். சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் ஆய்வகத்தில் டி.எஸ். சதாசிவனும் மாணவர்களும் ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தது மண்ணிலிருந்து ஏறும் இந்த வகைப் பூசணங்களைத்தான். வாடலுக்குத் தெளிப்பு உதவாது. செடியை வேரோடு பிடுங்கி எரித்துவிட்டு, அந்தக் குழியில் சில பருவம் அவரை போடாமலிருக்க வேண்டும். அடுத்த விதைப்புக்குக் கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா என்னும் நன்மை செய்யும் பூசணத் தூளைக் கலக்கலாம்.

விதைக்கென்று ஆயா விடும் காய்கள் பந்தலின் மேல்பக்கம், வெயில் விழும் இடத்தில் இருக்கும். புள்ளி விழுந்த காய் எவ்வளவு பருத்திருந்தாலும் விதைப்பானைக்குள் போகாது. ஆடியில் ஊன்றும்போது, சுவரை விட்டு மூன்று முழம் தள்ளித்தான் குழி எடுக்கச் சொல்வார்கள்.